நாற்பத்து மூன்று பள்ளிகளில் தட்டிய ஒரே விரல்

தலைமையாசிரியர் என்ற சொல்லை அரசு ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒழித்துக் கட்டியது. அன்று முதல் அவர்கள் எல்லோரும் ‘பள்ளித் தலைவர்கள்’. பதினெட்டுப் பக்கச் சுற்றறிக்கை. தலைவர் வாரம் மூன்று வகுப்புகளில் அரை மணி நேரம் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். கவனித்ததை இருநூறு சொற்களில் எழுதி, உட்கார்ந்திருக்கும் படத்தோடு துறையின் செயலியில் ஏற்ற வேண்டும். நாற்பது மணி நேரப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் தலைவராக நீடிக்க முடியாது. இத்தனைக்கும் கைகொடுக்க ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு ‘வளப் பெட்டி’ வரும்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த அந்த அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் பெட்டி வந்தது. ஐந்து வகுப்புகள், மூன்றே ஆசிரியர்கள் உள்ள பள்ளி. மூவரில் ஒருவர் தலைமையாசிரியை. நான்கு வருடமாக இன்னொரு ஆசிரியர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர். பெட்டியைப் பிரித்தால் போனை நிற்க வைக்கும் தாங்கி ஒன்று, சட்டையில் குத்திக்கொள்ள ‘நான் தலைவர்’ என்ற வில்லை ஒன்று, மலை உச்சியில் கை தூக்கி நிற்கும் ஒருவரின் படம் ஒன்று.

“அடியில நல்லா தடவிப் பாருங்க டீச்சர்,” என்றார் மூன்றாம் வகுப்பு வாத்தியார், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமே ஆன இளைஞர். “கேட்ட ஆளு உள்ள மடங்கி உட்கார்ந்திருக்கப் போறாரு.”

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். தெர்மகோல் தூள்தான் கொட்டியது.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. வட்டாரத்தில் மற்ற தலைமையாசிரியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கண்மூடி டீச்சர்’. வகுப்பைக் கவனிக்கப் போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்பது பொதுவான கட்சி. உண்மைக் காரணம் வேறு. ஆசிரியர் வேலை கிடைப்பதற்கு முன் நாலு வருடம் அவர் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்தார். ஒரே அறையில் இருபது இயந்திரங்கள் படபடக்கும். நடுவில் முதுகைக் காட்டி நின்றபடி, “மூணாவது வரிசை, ஜன்னல் பக்கம், சுண்டுவிரல் போகவே இல்ல, பாத்து அடிம்மா,” என்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். சத்தத்தில் தெரிந்துவிடும். அந்தக் காது பள்ளிக்கூடத்துக்கும் கூடவே வந்தது. கண்ணைத் திறந்து வைத்தால் சுவர், சட்டை, முகம் என்று பத்துப் பக்கம் இழுக்கும்; மூடினால் வகுப்பு தெளிவாகக் கேட்கும் என்பது அவர் கணக்கு.

புதிய செயலிக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. ‘கண்கள் மூடியுள்ளன. படம் ஏற்கப்படவில்லை’ என்றது. டீச்சர் படத்துக்காக ஒரு நிமிடம் முழித்துப் பார்த்துவிட்டு, பிறகு மூடிக்கொள்ளப் பழகினார்.

அப்படி முதல் வாரமே ஐந்தாம் வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார். வாத்தியார் கரும்பலகையில் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தார். பதினைந்தில் எட்டு போனால் எவ்வளவு என்று கேட்டார். பத்துக் குரல்கள் கத்தின. பத்தும் தப்பு. அந்தக் கத்தலுக்கு அடியில் மரத்தின் மேல் விரல் நகம் படுகிற சத்தம் ஏழு முறை கேட்டது. டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த கேள்விக்கு ஒன்பது. அதற்கடுத்து நான்கு. மூன்றும் சரி.

நான்காவது கேள்விக்குத்தான் திறந்து பார்த்தார். ஜன்னல் ஓரத்தில் ஒரு சிறுமி. பச்சைக் கம்பளிச் சட்டை. சேர்ந்ததிலிருந்து பள்ளியில் ஒரு வார்த்தை பேசாதவள். இரண்டு வருடமாக ‘மந்தம்’ என்று அவள் அட்டையில் எழுதி வந்திருந்தார்கள். அதில் ஒரு வருடம் எழுதியது டீச்சரே.

அன்று மாலை அந்தச் சிறுமியின் அம்மாவை வரச் சொன்னார். சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவர், கையெல்லாம் வெந்து சுருங்கியிருந்தது.

“வீட்டுல நல்லாப் பேசுவா டீச்சர். வாசப்படி தாண்டினா வாய்க்குப் பூட்டு போட்டுக்குவா. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், அடிக்கக்கூட அடிச்சிட்டேன்.”

“அடிக்காதீங்க. அவ பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா. எங்க காதுலதான் விழல.”

இருநூறு சொற்களில் அதை எழுதினார். ஜன்னல் ஓரம், பச்சைச் சட்டை, ஏழு தட்டு, ஒன்பது தட்டு. வாத்தியார் முதுகைக் காட்டி எழுதுவதால் கவனிக்கவில்லை, பக்கவாட்டில் நின்று எழுதினால் நல்லது என்று முடித்தார். அன்றே வட்டாரத் தலைமையாசிரியர்களின் போன் குழுவில் குடை சாரின் செய்தி வந்தது. வெயிலோ மழையோ, குடையில்லாமல் யாரும் பார்த்திராத மனிதர். டீச்சருக்கு அவரோடு இருபது வருடப் பழக்கம்.

“டீச்சர், இந்தக் கவனிப்புக் குறிப்பு எப்படி எழுதறதுன்னு யாருக்கும் புரியல. உங்களுது ஒண்ணு போடுங்களேன், மாதிரிக்குப் பாத்துக்கறோம்.”

போட்டார். மாதிரிக்குத்தானே.

வட்டாரத்தில் ஐம்பத்தோரு பள்ளிகள். ஒரு பள்ளியில் கூரை ஒழுகுகிறது, ஒன்றில் தலைமையாசிரியரே மணியும் அடிக்கிறார், பெரும்பாலானவற்றில் தலைவர் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு வகுப்பைக் கவனிக்க அவருக்கு இன்னொரு உடம்பு வேண்டும். எனவே அவர்கள் எப்போதும் செய்வதையே செய்தார்கள். குழுவில் வந்ததை அப்படியே எடுத்து ஒட்டி ஏற்றினார்கள். விடுப்பு விண்ணப்பம், ஆண்டறிக்கை, வருத்தம் தெரிவிக்கும் கடிதம் எல்லாமே பல வருடமாக அந்தக் குழுவில் ஒருவர் எழுதி ஐம்பது பேர் அனுப்புகிறவைதான். இந்த முறை நாற்பத்திரண்டு பேர். டீச்சரோடு சேர்த்து நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று பள்ளிகளில், நாற்பத்து மூன்று ஜன்னல் ஓரங்களில், பச்சைச் சட்டை போட்ட ஒரு சிறுமி மேசையில் ஏழு முறை தட்டினாள்.

ஆறு வாரம் கழித்து இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. டீச்சர் அதை ஐந்தாம் வகுப்பில் நின்றபடியே படித்தார், படித்துவிட்டு உட்கார்ந்தார்.

‘பள்ளித் தலைவர்களின் கவனிப்புக் குறிப்புகளை ஆராய்ந்ததில், வட்டாரத்தின் எண்பத்து நான்கு சதவீதப் பள்ளிகளில் மேசைத் தட்டல் என்னும் கவனச் சிதறல் பழக்கம் பரவியிருப்பது கண்டறியப்பட்டுள்ளது.’ முப்பது நாளில் தட்டலைப் பூஜ்யமாக்க வேண்டும். பூஜ்யம் ஆனது என்று தலைவர் கையெழுத்திட வேண்டும். ஆகாத பள்ளியின் தலைவருக்குச் சான்றிதழ் கிடையாது. உதவிக்கு மேசை மேல் விரிக்கும் ரப்பர் விரிப்புகளும், கைகட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் படமும் அனுப்பப்படும்.

அனுப்பினார்கள். நாலு வருடமாக ஓர் ஆசிரியரை அனுப்ப முடியாத துறை நாலே நாளில் லாரி நிறைய ரப்பர் அனுப்பியது.

விரிப்புகளை விரித்துப் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. வாத்தியார் பயந்தவர், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. விரித்துவிட்டார். அதற்குள் அவரும் அந்தச் சிறுமியும் ஒரு வழி கண்டிருந்தார்கள். அவர் கேள்வி கேட்டுவிட்டு வகுப்பை அடக்குவார், அவள் தட்டுவாள், அவர் எண்ணி, “சரி” என்பார். போன வாரம் தட்டும்போது அவள் உதடும் அசைந்ததை வாத்தியாரும் டீச்சரும் பார்த்திருந்தார்கள். விரிப்பு வந்த அன்று அவர் கேட்டார். அவள் தட்டினாள். ரப்பர் சத்தத்தை விழுங்கியது. அவர் அடுத்த பிள்ளையைக் கேட்டார். அவள் இன்னும் அழுத்தித் தட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் போய் உட்கார்ந்தபோது அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன. தலை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

டீச்சர் எழுந்து போய் அந்த மேசை விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“டீச்சர், போட்டோ...” என்றார் வாத்தியார்.

“எடுத்தது போதும்.”

“செக் பண்ண வந்தா நான் மாட்டுவேன் டீச்சர்.”

“நான் எடுத்தேன்னு சொல்லு. கடைசி பெஞ்சுல தூங்கற பொம்பளைக்குக் கோபம் வந்துடுச்சுன்னு சொல்லு.”

கோபம் என்பது சின்னச் சொல். இரண்டு வருடம் யார் காதிலும் விழாத பிள்ளையை அவர் கேட்டார். கேட்டதை எழுதினார். எழுதியதை வைத்தே அவள் வாயை அடைக்க அரசு ரப்பர் செய்து அனுப்பியிருக்கிறது. அதற்கு அச்சாரம் போட்டது தன் கை.

குடை சாருக்குப் போன் செய்தார்.

“சார், நம்ம எல்லாரும் சேர்ந்து ஒரு கடுதாசி கொடுப்போம். அது ஒரு பொண்ணு, ஒரே ஒரு பொண்ணுன்னு.”



“டீச்சர், அப்படிக் கொடுத்தா நாங்க வகுப்புக்கே போகலைன்னு நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். எனக்கு ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கு.”

“அப்ப அந்தப் பொண்ணு?”

“அதுக்கு ஏன் கவலைப்படறீங்க? பூஜ்யம்னு எழுதிட்டுப் போங்க. பொண்ணு பாட்டுக்குத் தட்டட்டும். யாரு வந்து எண்ணப் போறா?”

குழுவிலும் அதையே சொன்னார்கள். ஒருவர், எங்கள் பள்ளியில் மேசையே கிடையாது, தரையில்தான் உட்காருகிறார்கள், எங்களுக்கும் முப்பது விரிப்பு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

டீச்சரின் அக்கா நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தேநீரை ஆற்றியபடி சொன்னார்: “நீயும் பூஜ்யம் போட்டுட்டுப் போயேன்டி. ஊரோட ஒத்துப் போறதுல என்ன குறைஞ்சிடப் போற?”

“நான் பூஜ்யம் போட்டா நாப்பத்து மூணு பூஜ்யம் ஆகும்க்கா. ரப்பர் நூத்துக்கு நூறு வேலை செய்யுதுன்னு அர்த்தம். அப்புறம் எல்லா வட்டாரத்துக்கும் லாரி போகும். எங்கயோ ஒரு ஸ்கூல்ல நிஜமாவே தட்டிக்கிட்டு ஒரு பிள்ளை இருக்கும்ல?”

“உன் தலைமைப் பதவி?”

“போகும்.”

“வேற ஊருக்குத் தூக்கி அடிப்பாங்க.”

“அடிப்பாங்க.”

அக்கா தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். “சின்ன வயசுலயும் நீ இப்படித்தான். உன்னைத் திருத்த முடியாதுன்னு அம்மா என்னைத்தான் அடிப்பாங்க.”

முப்பதாவது நாள் ஆய்வுக் கூட்டம். துறையின் பயிற்சி அரங்கம், குளிர்சாதனம் மட்டும் நன்றாக வேலை செய்யும் இடம். ஐம்பத்தோரு பேரும் வில்லையைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். வாசலில் ஒரு படிவம்: ‘எங்கள் பள்ளியில் மேசைத் தட்டல் பூஜ்யம் எனச் சான்றளிக்கிறேன்.’ கையெழுத்துப் போட்டுக் கூட்டம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். டீச்சர் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

கூட்டத்தை நடத்திய பயிற்சி அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. நாற்பது வயது, எப்போதும் தலைவலி தைலம் மணக்கும். தேநீர் இடைவேளையில் டீச்சர் அவரை ஜன்னல் பக்கம் தனியே பிடித்தார்.

“சார், அந்தக் குறிப்பு என்னுது. தட்டறது ஒரே பொண்ணு. எங்க ஸ்கூல் பொண்ணு.”

அதிகாரி கோப்பைக்குள் பார்த்தார். “தெரியும் மேடம்.”

“தெரியுமா?”

“நாப்பத்து மூணுலயும் ஜன்னல் ஓரம். நாப்பத்து மூணுலயும் பச்சைச் சட்டை. எனக்கும் கண்ணு இருக்கு.”

“அப்புறம் ஏன் சார்?”

“மேல இருந்து ஒரு கண்டுபிடிப்பு கேட்டாங்க. திட்டம் தொடங்கி ஆறு வாரம் ஆச்சு, என்ன கண்டுபிடிச்சீங்கன்னு. எல்லாருடைய குறிப்புலயும் ஒரே மாதிரி இருந்தது இது ஒண்ணுதான்.” தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டார். “இப்ப அந்தச் சதவீதம் எங்கெங்கயோ போயிடுச்சு. திரும்பக் கூப்பிட முடியாது. கையெழுத்துப் போட்டுடுங்க மேடம். உங்களைப் போல ஒருத்தர் போறதுல எனக்கு இஷ்டமில்ல.”

அதுவரை டீச்சரின் மனத்தில் அறியாமைக்கு ஓர் இடம் இருந்தது. தெரியாமல் செய்துவிட்டார்கள், தெரிந்தால் நிறுத்துவார்கள் என்று நம்பி வந்திருந்தார். இவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ரப்பர் வெட்டினார்கள்.

கூட்டம் மறுபடி கூடியதும், கேள்விகள் உண்டா என்று அதிகாரி வழக்கம்போலக் கேட்டார். யாரும் கேட்பதில்லை என்பதும் வழக்கம். டீச்சர் எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினார்.

“எனக்குக் கேள்வி இல்ல. எங்க ஸ்கூல்ல மூணாம் வகுப்புல ஒரு பொண்ணு மேசையில தட்டுது. அது பதில் சொல்லுது. தினமும் தட்டுது, நாளைக்கும் தட்டும். அதை நிறுத்தச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன். வட்டாரத்துல தட்டற பிள்ளைங்க எண்ணிக்கை நாப்பத்து மூணு இல்ல, ஒண்ணு. அந்தக் குறிப்பைக் குழுவுல போட்டது நான்தான். அவ்வளவுதான்.”

யாரோ கோப்பையைத் தட்டில் வைத்தார்கள்.

மேடையில் அதிகாரிக்குப் பக்கத்தில் மேலதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். “மற்ற நாற்பத்திரண்டு பேரும் பொய் எழுதினாங்கன்னு சொல்றீங்களா? யார் யாரு, பேரைச் சொல்லுங்க.”

“பேரைச் சொல்ல நான் வரல சார். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. எல்லாம் படிச்சவங்கதானே நீங்க, படிச்சுப் பாருங்க.”

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. குடை சார் எழுந்து நின்றார், குடையை ஊன்றி.

“என்னுதுலயும் பச்சைச் சட்டைதான் இருக்கு,” என்றார். “எங்க ஸ்கூல்ல யூனிஃபார்ம் சட்டை வெள்ளை. அது மட்டுமில்ல, எங்களுது ஆண் பிள்ளைங்க ஸ்கூல்.”

அரங்கம் சிரித்தது. மேலதிகாரி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் தரையில் பிள்ளைகள் உட்காரும் பள்ளியின் தலைவி. மீதி முப்பத்தொன்பது பேர் தங்கள் தங்கள் வில்லையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மூன்று பேர்தான் எழுந்தார்கள்.

கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் குடை சார் பக்கத்தில் வந்து நின்றார்.

“எட்டு மாசம் இருக்குன்னீங்களே சார்.”

“இருக்கு. இப்ப அந்த எட்டு மாசமும் விளக்கக் கடிதம் எழுதியே போயிடும். நல்லவேளை, இந்த முறை மாதிரிக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.”

மூன்று வாரத்தில் மேசைத் தட்டல் சுற்றறிக்கை ‘நிர்வாகக் காரணங்களால்’ திரும்பப் பெறப்பட்டது. எண்பத்து நான்கு சதவீதம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று அதில் ஒரு வரி இல்லை. எழுந்து நின்ற மூவருக்கும் மெமோ. உட்கார்ந்திருந்த முப்பத்தொன்பது பேருக்கும் சான்றிதழ், மாலை போட்டுக் குழுப்படம். கண்டுபிடிப்பு கேட்டவருக்கும் ரப்பர் வாங்கியவருக்கும் ஒன்றுமில்லை. விரிப்புகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்று கடைசியில் குறிப்பு இருந்தது. வாத்தியார் அவற்றைக் கழிப்பறை வாசலில் வழுக்காமலிருக்கப் போட்டுவிட்டார். அந்தச் சிறுமி இப்போது தட்டும்போதே முணுமுணுக்கிறாள். அவளுடைய அட்டையில் ‘மந்தம்’ என்ற சொல்லை டீச்சர் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறார்.

டீச்சருக்கான ஆணை தனியாக வந்தது. துறை ஆவணத்தை அனுமதியின்றிப் பகிர்ந்தது குற்றம். ‘மேற்படி பள்ளித் தலைவர் ஓராண்டுக்கு அப்பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். மாற்று ஏற்பாடு செய்யப்படும் வரை அவரே பொறுப்பைத் தொடர்ந்து கவனிப்பார்.’

வாத்தியார் அதை இரண்டு தடவை படித்தார். “அப்ப நீங்க இப்ப யாரு டீச்சர்?”

“வேலையை விட்டுத் தூக்கின பிறகும் அதே வேலையைப் பாக்கறவ.”

மாற்று ஏற்பாடாக வர ஒருவரும் சம்மதிக்கவில்லை. மூன்று ஆசிரியர், ஐந்து வகுப்பு உள்ள பள்ளிக்கு யார் வருவார். ஆறு மாதம் ஆயிற்று. வருகைப் பட்டியல், தண்ணீர்க் குழாய் பழுது, மாணவர் மாற்றுச் சான்றிதழ், எல்லாவற்றிலும் அவரே கையெழுத்துப் போடுகிறார். கையெழுத்துக்குக் கீழே, தன் கையால், எழுத்துக்கு எழுத்து தெளிவாக, ‘விடுவிக்கப்பட்ட பள்ளித் தலைவர்’ என்று எழுதுகிறார்.

போன வாரம் துறை அலுவலகத்திலிருந்து எழுத்தர் கூப்பிட்டார்.

“மேடம், அந்த ‘விடுவிக்கப்பட்ட’ எல்லாம் போடாதீங்க. மேல போற பேப்பர், பாக்க நல்லா இல்ல.”

“ஆர்டர்ல அப்படித்தான் இருக்கு தம்பி.”

“இருக்கட்டும் மேடம். சும்மா ‘பள்ளித் தலைவர்’னு போட்டா யாரு கேக்கப் போறா?”

“யாரு கேக்கப் போறான்னு எழுதித்தான் ஒரு பொண்ணு நாப்பத்து மூணு ஆச்சு. ஆர்டரை மாத்தி அனுப்பச் சொல்லுங்க, நானும் மாத்தி எழுதறேன். இப்ப வைக்கறேன், அஞ்சாம் வகுப்பு காத்துக்கிட்டு இருக்கு.”